அந்தக் காலம் அப்படி இருக்கவில்லை

‘வுட்ஸ்டாக்’ ஆவணப்படத்தைப் பற்றிப் பெண்கள் தரப்பிலிருந்து ஒரு கேள்வி எழுப்பினால் போதும், பதில் தயாராக இருக்கும்: “அந்தக் காலம் அப்படிங்க மேடம்.” திரைப்படக் கழகக் கூட்டங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். கல்லூரிக் கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளையில் கேட்டிருக்கிறேன். புரட்சி பேசும் நண்பர்கள் இன்னும் கொஞ்சம் பூசி, “வரலாற்றை வரலாற்றுச் சூழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்” என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். அம்மா இருபது பேருக்குச் சமைத்துவிட்டுக் கடைசியில் சாப்பிட்டதைச் சொன்னாலும் இதே பதில்தான் வருகிறது. அந்தக் காலம் அப்படி. இந்த மூன்று சொற்களை மறுக்கவே இதை எழுதுகிறேன். நண்பர்கள் சொன்னபடியே வரலாற்றுச் சூழலில் வைத்துப் பார்ப்போம். தேதி வாரியாகவே பார்ப்போம்.

முதலில் படம். 1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி 18, திங்கட்கிழமை காலைவரை, நியூயார்க் மாநிலத்தின் பெத்தேல் என்ற சிற்றூரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் 600 ஏக்கர் பால்பண்ணை நிலத்தில் நடந்தது அந்த இசைவிழா. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கூடினார்கள். மழை கொட்டியது, நிலம் சேறானது, சாப்பாடு தீர்ந்தது, சாலைகள் அடைத்துக்கொண்டன. ஆனாலும் பெரிய கலவரம் எதுவும் இல்லாமல் கூட்டம் கலைந்தது. மைக்கேல் வாட்லி இயக்கிய ஆவணப்படம் 1970 மார்ச் 26 அன்று வெளியானது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். சுமார் 6 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் பல கோடி டாலர் சம்பாதித்துக் கொடுத்தது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. 1996இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. வியட்நாம் போரை எதிர்த்த தலைமுறையின் முகம் என்று உலகம் எதை நினைவில் வைத்திருக்கிறதோ, அதில் பெரும்பகுதி இந்தப் படம் தந்ததுதான். விழாவுக்குப் போனவர்கள் சில லட்சம் பேர். படத்தைப் பார்த்தவர்கள் பல கோடி. ஆகவே ‘வுட்ஸ்டாக்’ என்று நாம் சொல்லும்போது விழாவைச் சொல்வதில்லை, படத்தைத்தான் சொல்கிறோம்.

நமக்கு இதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. விழாவின் தொடக்க நாளில் வெள்ளைத்தாடியுடன் மேடையில் அமர்ந்து ஆசியுரை வழங்கிய சுவாமி சச்சிதானந்தர் கோவைக்குப் பக்கத்திலுள்ள செட்டிபாளையத்தில் பிறந்தவர். “நம்மூர்க்காரர் தொடங்கிவைத்த விழா” என்று சொல்லிக்கொள்ள நம் ஆட்களுக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்காவில் நடந்த விழாவில் பங்கு கோர உரிமை உண்டென்றால், அதைக் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு. ‘நமக்கெதற்கு அமெரிக்கப் பஞ்சாயத்து’ என்பவர்களுக்கு இது போதும்.

நான் தமிழ் படித்தவள், தமிழ் சொல்லிக்கொடுப்பவள். சினிமாக் கோட்பாடுகள் எனக்குப் பிறகு வந்தவை. ஒரு பனுவலை எடுத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி எங்கள் துறையில் முதலாண்டு மாணவியும் கேட்பதுதான்: இது யார் கூற்று? சங்க அகப்பாடல் ஒவ்வொன்றின் கீழும் அது எழுதியிருக்கும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, தலைவன் கூற்று. பாடலில் யார் வருகிறார்கள் என்பது வேறு, யார் பேசுகிறார்கள் என்பது வேறு. தலைவி கூற்று என்று போட்டிருந்தாலும் எழுதியது ஆண் புலவராக இருக்கலாம், அது தனிச் சண்டை. குறைந்தபட்சம் இன்னார் பேசுகிறார் என்று பொறுப்பாகக் குறித்து வைக்கும் மரபு அது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வுட்ஸ்டாக் படத்தைப் பார்த்தேன். படம் நெடுகப் பெண்கள் வருகிறார்கள். ஆடுகிறார்கள், குளிக்கிறார்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், சேற்றில் நிற்கிறார்கள். கூற்று என்று கணக்கெடுத்தால்தான் ஆள் குறைகிறது.

மேடையிலிருந்தே தொடங்கலாம். விழாவில் பாடிய பெண்கள் சிலரைச் சொல்கிறேன். ஜேனிஸ் ஜோப்ளின். ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் கிரேஸ் ஸ்லிக். முதல் நாளே பாடிய ஸ்வீட்வாட்டர் குழுவின் நான்சி நெவின்ஸ். ஒற்றை கிட்டாருடன் மழைக்குள் தனியாக மேடையேறிய மெலனி. ஜோன் பயாஸ். இவர்களில் 1970ஆம் ஆண்டுப் படத்தில் முன்னணிப் பாடகியாக இடம்பெற்றவர் ஜோன் பயாஸ் ஒருவர்தான். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் ரோஸ் ஸ்டோன் கீபோர்டும் சிந்தியா ராபின்சன் டிரம்பெட்டும் வாசித்தார்கள். படத்தின் உச்சங்களில் ஒன்று அந்தப் பின்னிரவு நிகழ்ச்சி. ஆனால் அங்கும் பாட்டுடைத் தலைவன் ஸ்லைதான். ஜோப்ளினும் கிரேஸ் ஸ்லிக்கும் படத்துக்குள் வர 1994இல் வெளியான நீட்டிக்கப்பட்ட பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜோப்ளின் அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்பே, 1970 அக்டோபரில், 27 வயதில் இறந்துவிட்டார்.

உடனே ஒரு பதில் வரும். ஜோப்ளினுக்கே தன் நிகழ்ச்சி பிடிக்கவில்லை. ஆண்களிலும் பலர் படத்தில் இல்லை. கிரேட்ஃபுல் டெட் இல்லை, த பேண்ட் இல்லை, க்ரீடன்ஸ் இல்லை. உண்மைதான். ஒவ்வொரு விடுபடலுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஒப்பந்தம், ஒளி போதாமை, கலைஞரின் மனக்குறை, நீளம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண் குழுக்களில் மூன்று போனால் பத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பெண்களில் நான்கு பேர் போனால் ஒருத்திதான் மிச்சம். வேலைக்கு எடுக்கும்போதும், கவியரங்குக்கு அழைக்கும்போதும், தொகைநூல் தொகுக்கும்போதும் நாம் பார்க்கிற அதே கணக்கு. ஒவ்வொருத்தியையும் விட்டதற்குத் தனித்தனியாக நியாயம் சொல்வார்கள். கூட்டிப் பார்த்தால் மேடை முழுக்க ஆண்கள் நிற்பார்கள்.

அந்த மிச்சமான ஒருத்தியைப் படம் எப்படி வைத்திருக்கிறது? ஜோன் பயாஸ் அன்று கர்ப்பிணி. அவர் கணவர் டேவிட் ஹாரிஸ் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறையில் இருந்தார். படத்தில் அவர் கணவரைப் பற்றியும் சிறைக்குள் நடக்கும் உண்ணாவிரதத்தைப் பற்றியும் பேசுகிறார், பிறகு பாடுகிறார். அழகான காட்சி. அவர் எதைப் பேசுவது என்பது அவர் விருப்பம், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் படத்தை மட்டும் பார்ப்பவர் மனதில் பதிவது ‘போராளியின் மனைவி’. அவர் 1964இலேயே தன் வருமான வரியில் ராணுவத்துக்குப் போகும் பங்கைக் கட்ட மாட்டேன் என்று அரசுக்கு எழுதியவர். 1967இல் ஓக்லண்டில் ராணுவ ஆள்சேர்ப்பு மையத்தை மறித்து இரண்டு முறை கைதாகிச் சிறை சென்றவர். டேவிட் ஹாரிஸ் சிறைக்குப் போவதற்கு முன்பே சிறையைப் பார்த்தவர் ஜோன் பயாஸ். இது பார்வையாளருக்குத் தெரிய வழியில்லை. மூன்று மணி நேரப் படத்தில் ஒரே ஒரு பெண்ணின் தனிக்கூற்று. அதுவும் கணவனின் புகழாக மட்டுமே காதில் விழுகிறது.

அடுத்து, மேடையிலிருந்து வந்த ஓர் அறிவிப்பு. பாடகர் ஜான் செபாஸ்டியன் கூட்டத்தைப் பார்த்து, இங்கே ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பெற்றவளை அவர் குறிப்பிடும் விதம்தான் கவனிக்க வேண்டியது: ‘யாரோ ஒரு பயலோட பொம்பள’ என்று தமிழில் சொன்னால் அந்தத் தொனி கிடைக்கும். தொல்காப்பியர் அகத்திணையில் யார் பெயரையும் சுட்டக்கூடாது என்றார். அந்த விதி தலைவனுக்கும் தலைவிக்கும் பொது. இங்கே நடப்பது வேறு. யாரென்று தெரியாத ஆணுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது, அவன் உடைமைக்காரன். நான்கு லட்சம் பேர் நடுவே, சேற்றில், மருத்துவமனைக்குப் போகும் சாலை அடைத்துக்கிடக்கும்போது வலியெடுத்த பெண் யார்? பிறந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் குழந்தை யாரென்று அரை நூற்றாண்டுக்குப் பிறகும் உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. புதிய உலகத்தின் சின்னமாகக் கொண்டாடக் குழந்தை தேவைப்பட்டது. தாயிடம் மைக்கை நீட்ட யாருக்கும் தோன்றவில்லை.

குளத்துக் காட்சிகளுக்கு வருகிறேன். ஆண்களும் பெண்களும் ஆடையின்றிக் குளிக்கிறார்கள். இன்னொரு காட்சியில் தொலைவில் ஓர் ஆணும் பெண்ணும் ஆடை களைந்து உயர்ந்த புல்லுக்குள் போகிறார்கள், கேமரா தூரத்தில் நின்று அவர்களைத் தொடர்கிறது. நிர்வாணம் எனக்குப் பிரச்சினையே இல்லை. தமிழில் பெண்கள் தங்கள் உடலைத் தாங்களே எழுதத் தொடங்கியபோது, 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது, எழுந்த கூச்சலை மறக்காதவள் நான். வுட்ஸ்டாக் குளத்தை விடுதலையின் படிமம் என்று எழுதக்கூடிய சிலரே அன்று எங்களை ஆபாசம் என்றார்கள். பெண் தன் உடலைத் தானே சொன்னால் ஆபாசம், ஆணின் கேமரா அதைப் பார்த்துச் சொன்னால் விடுதலை. வேறுபாடு உடலில் இல்லை, கூற்றில்தான் இருக்கிறது.

அந்தப் புல்வெளி ஜோடியிடம் யாராவது கேட்டார்களா? படத்தில் கேட்டதற்கான தடயம் இல்லை. இங்கேயும் ‘அந்தக் காலத்தில் சம்மதம் என்ற கருத்தெல்லாம் ஏது’ என்பார்கள். இருந்தது. படத்தின் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்றில் தற்காலிகக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் தொழிலாளி ஒருவர் வருகிறார். ஒரு மகன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான், இன்னொரு மகன் வியட்நாமில் இருக்கிறான் என்று சொல்பவர். பார்வையாளர்கள் நெகிழும் காட்சி. அந்தத் தொழிலாளி, தன் உருவத்தைத் தன் சம்மதம் இல்லாமல் வணிகப் படத்துக்குப் பயன்படுத்தியதாகப் படத்தயாரிப்பாளர்கள் மீது வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் விசாரணையில்லாமலே தள்ளிவிட்ட வழக்கை, 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முறையாக விசாரிக்க வேண்டியது என்று திருப்பி அனுப்பியது. விடுதலைப் படத்தில் மலம் அள்ளியவருக்கு, தன்னை யார் எதற்காகப் படம் பிடிக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது.

சமையலறைக்கு வருவோம். பெண்ணியக் கட்டுரை என்றால் சமையலறை இல்லாமலா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான்கு லட்சம் பேர் மூன்று நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்காமல் ஒரு கூட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. படத்தில், நான்கு லட்சம் பேருக்கும் படுக்கையிலேயே காலை உணவு தருவதாக உற்சாகமாக அறிவிப்பவர் ஹாக் ஃபார்ம் குழுவின் வேவி கிரேவி. அந்த வாக்கியம் உலகப் புகழ் பெற்றது. அந்த உணவுக்கான புல்கர் கோதுமையையும் ஓட்ஸையும் நியூயார்க் நகரத்துக்குப் போய் மூட்டை மூட்டையாக வாங்கி வந்தவர் லிசா லா. இலவச அடுக்களையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வேவி கிரேவியின் மனைவி போனி ஜீன் ரோம்னி. லிசாவின் கணவர் டாம் லா மேடையிலிருந்து கூட்டத்துக்கு யோகா சொல்லிக் கொடுத்தார். பக்கத்து ஊரான மாண்டிசெல்லோவின் யூத சமூக மையத்துப் பெண்கள் சாண்ட்விச் செய்து கட்டினார்கள், கன்னியாஸ்திரிகள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அறிவிப்பு ஆணுடையது, அடுப்பு பெண்ணுடையது. மேடையில் மூச்சுப் பயிற்சி அவருக்கு, மூட்டை தூக்கும் கணக்கு இவளுக்கு. நம் ஊர்ப் பந்திகளும் பொதுக்கூட்டங்களும் மாநாடுகளும் தெரிந்த எவருக்கும் இதில் புதிதாக எதுவும் இல்லை. எதிர்க்கலாச்சாரம் என்று சொன்னார்களே, எதற்கு எதிர் என்பதுதான் கேள்வி. போருக்கு எதிர், பெற்றோருக்கு எதிர், தலைமுடி வெட்டுவதற்கு எதிர். அடுப்படியில் யார் நிற்பது என்பதில் எதிர் இல்லை.

“மேடம், அந்தப் படத்தை எடிட் செய்ததே ஒரு பெண்தான்” என்று ஒரு மாணவர் ஒருமுறை சரியாகச் சொன்னார். தெல்மா ஸ்கூன்மேக்கர். நூறு மணி நேரத்துக்கும் மேலான படச்சுருளிலிருந்து இந்தப் படத்தை உருவாக்கிய தொகுப்புக் குழுவை வழிநடத்தியவர். திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்து ஒரே நேரத்தில் பாடகனையும் கூட்டத்தையும் காட்டும் அந்த உத்தி இல்லாமல் இந்தப் படத்தை நினைக்கவே முடியாது. சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது. ஆவணப்படத்துக்கு அது அரிய மரியாதை. அதற்குப் பிறகு என்ன ஆனது? தொகுப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக முடியாததால் ஹாலிவுட்டில் பெரிய கதைப்படங்களை ஏற்க முடியாமல் ஏறக்குறைய பத்தாண்டுகள் போயின. அதே தொகுப்பு அறையில் அவரோடு வேலை பார்த்த மார்ட்டின் ஸ்கார்செசி அந்த இடைவெளியில் ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’, ‘டாக்ஸி டிரைவர்’ எடுத்துப் பெயர் பெற்றுவிட்டார். 1980இல் அவருடைய ‘ரேஜிங் புல்’ படத்தில்தான் தெல்மா திரும்ப வந்தார், வந்ததும் ஆஸ்கர் வாங்கினார். பிறகு இன்னும் இரண்டு. ஆக, மாணவரின் வாதம் என் கட்சிக்குத்தான் உதவுகிறது. கத்தரிக்கோல் பெண்ணிடம் இருந்தது. எதை நோக்கிக் கேமராவைத் திருப்புவது என்ற முடிவு ஏற்கெனவே வயல்வெளியில் எடுக்கப்பட்டுவிட்டது. பிடிக்காத காட்சியை யாராலும் தொகுக்க முடியாது.

இப்போது நாட்காட்டி. என் வழக்கின் மையமே இதுதான்.

1968 செப்டம்பர் 7: அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க அழகிப் போட்டிக்கு வெளியே பெண்கள் திரண்டு, தங்களைக் கால்நடைச் சந்தை போல் மதிப்பிடுவதை எதிர்த்தார்கள். வுட்ஸ்டாக்குக்குப் பதினொரு மாதங்கள் முன்னால்.

1969 பிப்ரவரி: நியூயார்க் மாநிலத்தில் கருக்கலைப்புச் சட்டம் பற்றிப் பொது விசாரணை. கருத்துச் சொல்ல அழைக்கப்பட்ட வல்லுநர்கள் பதினான்கு ஆண்களும் ஒரு கன்னியாஸ்திரியும். பெண்கள் கூட்டத்தை மறித்தார்கள். 1969 மார்ச் 21: ரெட்ஸ்டாக்கிங்ஸ் என்ற அமைப்பு நியூயார்க்கின் ஒரு தேவாலயத்தில் கூட்டம் போட்டது. பெண்கள் வரிசையாக எழுந்து, சட்டவிரோதமாகக் கருக்கலைப்புச் செய்துகொண்ட தங்கள் அனுபவங்களைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். வுட்ஸ்டாக்குக்கு ஐந்து மாதங்கள் முன்னால், அதே மாநிலத்தில்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் புல்வெளிக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் கருக்கலைப்பு குற்றம். சட்டம் மாறியது 1970 ஏப்ரலில், நடைமுறைக்கு வந்தது ஜூலையில். திருமணமாகாதவர்களுக்குக் கருத்தடைச் சாதனம் பெறும் உரிமை உண்டென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1972இல். கட்டற்ற காதல் என்று படம் கொண்டாடுகிற அந்தப் பிற்பகலுக்குப் பிறகு, நாள் தள்ளிப்போன பெண் ஒருத்தி எங்கே போயிருப்பாள்? யாரிடம் கடன் வாங்கியிருப்பாள்? எந்தச் சந்தில் எந்தக் கதவைத் தட்டியிருப்பாள்? அவளோடு புல்லுக்குள் போனவன் அந்தக் கதவுவரை வந்திருப்பானா? ஒரே புல்வெளி, இரண்டு பேருக்கு இரண்டு விலை. படம் ஒரு விலையைத்தான் காட்டுகிறது.

இதைச் சொல்லும் பெண்கள் விழாவுக்கு வெளியே மட்டும் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஷூலமித் ஃபயர்ஸ்டோனுடன் ரெட்ஸ்டாக்கிங்ஸைத் தொடங்கிய எலன் வில்லிஸ், ‘நியூயார்க்கர்’ இதழின் ராக் இசை விமர்சகர். வுட்ஸ்டாக்கைப் பற்றி விழா நடந்த சில வாரங்களில் எழுதியவர். ராக் இசையை உயிராக நேசித்த பெண்ணும் பெண்விடுதலைப் போராளியும் ஒரே ஆளாக அங்கே இருந்தார். 1970 தொடக்கத்தில், நியூயார்க்கின் ‘ராட்’ என்ற எதிர்க்கலாச்சாரப் பத்திரிகையின் ஆபாசப் போக்கைப் பொறுக்காமல் பெண்கள் அதன் பொறுப்பைத் தங்கள் கையில் எடுத்தார்கள். ராபின் மார்கன் அதில் எழுதிய கட்டுரை ஆண் இடதுசாரிகளுக்கும், ஹிப்பிப் பண்பாட்டுக்கும், பாலியல் புரட்சி என்று அழைக்கப்பட்டதற்கும் விடை கொடுத்தது. படம் வெளிவர இன்னும் சில வாரங்கள் இருந்தன. 1970 மார்ச் 16 அன்று ‘நியூஸ்வீக்’ பத்திரிகையின் 46 பெண் ஊழியர்கள் பாகுபாட்டுக்கு எதிராகப் புகார் தொடுத்தார்கள். மார்ச் 18 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ அலுவலகத்துக்குள் புகுந்து, ஆண் ஆசிரியரின் அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்தார்கள். எட்டு நாள் கழித்து, மார்ச் 26 அன்று, ‘வுட்ஸ்டாக்’ திரைக்கு வந்தது.

இதுதான் அந்தக் காலம். படம் எடுக்கப்பட்ட மாநிலத்திலேயே, படம் தொகுக்கப்பட்ட அந்த மாதங்களிலேயே பெண்கள் தெருவில் நின்று, தேவாலயத்தில் நின்று, பத்திரிகை அலுவலகத்தில் அமர்ந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்பவர்கள் அந்தக் காலத்தின் ஆண்களை மட்டும் காலம் என்று எண்ணுகிறார்கள். நான் இன்றைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்றைக்குத் தீர்ப்பு எழுதவில்லை. அன்றைய பெண்களின் தீர்ப்பை எடுத்துப் படிக்கிறேன், அவ்வளவுதான்.

காலம் என்று எதை எண்ணுவது என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. வுட்ஸ்டாக் நடந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, 1969 ஆகஸ்ட் 17. நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில், மவுண்ட் மாரிஸ் பூங்காவில், கருப்பின மக்கள் கூட்டத்தின் முன் நீனா சிமோன் பியானோவில் அமர்ந்திருந்தார். அந்தக் கோடையில் ஆறு ஞாயிறுகள் நடந்த ஹார்லெம் பண்பாட்டு விழா அது. மஹாலியா ஜாக்சன், மேவிஸ் ஸ்டேபிள்ஸ், கிளாடிஸ் நைட் என்று மேடை நிறையப் பெண்கள். ஹால் டல்சின் என்பவர் அதை முறையாகப் படம்பிடித்து வைத்திருந்தார், சுமார் 40 மணி நேரம். வாங்க ஆளில்லை. ஐம்பது ஆண்டுகள் அந்த நாடாக்கள் கிடப்பில் கிடந்தன. 2021இல் க்வெஸ்ட்லவ் அதை ‘சம்மர் ஆஃப் சோல்’ என்ற படமாக்கிய பிறகே உலகம் பார்த்தது. அதில் ஒரு காட்சியில் மஹாலியாவும் மேவிஸும் ஒரே மைக்கைப் பகிர்ந்து பாடுகிறார்கள். மூத்தவள் இளையவளிடம் குரலை ஒப்படைக்கும் காட்சி. ஒரே கோடை, ஒரே மாநிலம், இரண்டு விழா. ஒன்று ஏழே மாதத்தில் உலகத் திரைக்கு வந்து ஒரு தலைமுறையின் அடையாளமானது. மற்றொன்று அரை நூற்றாண்டு இருட்டில் கிடந்தது. பெண்கள் பாடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாடினார்கள், கேமராவும் ஓடியது. விலைபோகவில்லை.

பழைய படத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்குப் பார்ப்பதால் இன்று என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஆகியிருக்கிறது. 1999 ஜூலையில், வுட்ஸ்டாக்கின் முப்பதாம் ஆண்டு என்று சொல்லி, நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் பழைய விமானப்படைத் தளத்தில் இன்னொரு விழா நடந்தது. 1969 விழாவின் அமைப்பாளர்களில் ஒருவரான மைக்கேல் லாங் இதிலும் இருந்தார். முக்கிய மேடையில் ஷெரில் க்ரோ, அலனிஸ் மோரிசெட், ஜுவல் என்று மூன்றே பெண் பாடகிகள். கூட்டத்தில் இருந்த பெண்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கத்தினார்கள். கட்டணத் தொலைக்காட்சியின் கேமராக்கள் அவர்களைத் தேடித்தேடிப் பிடித்தன. கூட்டத்துக்குள் பெண்கள் கைவைக்கப்பட்டார்கள், பாலியல் வன்முறைகள் நடந்தன, வன்புணர்வுப் புகார்கள் காவல்துறைக்குப் போயின. அங்கே வந்த இளைஞர்களுக்கு 1969இல் வயதே இல்லை, பலர் பிறந்திருக்கவும் இல்லை. வுட்ஸ்டாக் என்றால் என்ன என்று அவர்கள் எங்கிருந்து தெரிந்துகொண்டார்கள்? படத்திலிருந்துதான். அந்தப் படம் அவர்களிடம் கொடுத்த விடுதலை இலக்கணத்தில் பெண்ணுடல் ஒரு சான்று. அது திறந்திருந்தால் விடுதலை நடக்கிறது என்று பொருள். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கும் காட்சி அதில் இல்லை. அந்த வன்முறைக்குப் பழியைப் படத்தின் மேல் மட்டும் போடவில்லை. கொள்ளை விலைத் தண்ணீரும் கொதிக்கும் தார்த்தளமும் பணவெறியும் சேர்ந்த கதை அது. ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரு படிமத்தைக் கேள்வியில்லாமல் கொண்டாடினால், அது அனுமதிச் சீட்டாக மாறும்.

படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரிச்சி ஹேவன்ஸின் கிட்டார் அடியும், திங்கட்கிழமை காலையில் அமெரிக்க தேசியகீதத்தைக் குண்டு விழும் ஓசையாக்கிய ஜிமி ஹென்ட்ரிக்ஸும் எனக்கும் சிலிர்ப்புத்தான். போரை எதிர்த்த அந்தக் கூட்டத்தின் மேல் மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் இந்த வழக்கே. அரசாங்கத்திடமும் மடாதிபதிகளிடமும் பெண்விடுதலையை நாம் எதிர்பார்க்கவில்லை, அதனால் ஏமாறவும் இல்லை. தோழர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்களிடம்தான் ஏமாற்றமும் கோபமும் மிஞ்சுகின்றன.

தோழிகளே, உங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தில் இந்தப் படம் திரையிடப்படும். அமைதிச் சின்னம் போட்ட டீ-ஷர்ட்டுடன் ஒருவர் அறிமுகவுரை தருவார். பார்த்து முடித்ததும் கையைத் தூக்குங்கள். எத்தனை பெண்கள் பாடினார்கள், அவர்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். சாப்பாடு யார் செய்தது என்று கேளுங்கள். தொகுத்தவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவள் யார் என்று கேளுங்கள். அடுத்த வாரம் ‘சம்மர் ஆஃப் சோல்’ போட ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். யாராவது எழுந்து அந்த மூன்று சொற்களைச் சொல்வார். 1970 மார்ச் 18 அன்று அந்தப் பத்திரிகை ஆசிரியரின் அறையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எந்தக் காலத்தைச் சேர்ந்தவர்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்காராதீர்கள்.